பின்வாசலில் வந்த பலகாரம்

டிசம்பர் வந்துவிட்டால் டவுன் கடைகளில் கண்ணாடியில் பஞ்சை ஒட்டி வைத்து, அதைப் பனி என்கிறார்கள். குருவிட்டைப் பக்கத்தில் பனியை யார் கண்டார்கள்? எங்களுக்கு டிசம்பர் என்றால் மழைதான். காயாத துணி, பூஞ்சணம் பூத்த சப்பாத்து, கணுக்காலில் அட்டை. இறப்பர் மரத்தில் வெட்டிய பாலை எல்லாம் மழை கழுவிக்கொண்டு போய்விடும். அன்றைக்கு வேலையும் கிடையாது, பேரும் கிடையாது; பேர் விழாத நாளுக்குச் சம்பளமும் கிடையாது. இதற்கு நடுவில்தான் எங்கள் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், கிறிஸ்தவக் குடும்பங்கள் நத்தார் கொண்டாடும். அப்படி எத்தனையோ நத்தார் கொண்டாடியிருக்கிறோம். அப்பா இல்லாமல் போன வருடத்து நத்தாரைத்தான் என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை.

அப்பா இறந்த வருடம் என்று இப்போது எழுதுகிறேன், கை கூசவில்லை. அந்த டிசம்பரில் அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்பது அம்மா போட்ட சட்டம்.

அப்பா தோட்டத்தில் பேர் பதிந்த ஆள். ஆனால் மழையில் பால்வெட்டு நின்றுபோகும் நாள்களில் மாணிக்கக் குழிக்குப் போய்விடுவார். தனியாகப் போவதில்லை. அடுத்த காம்பரா வீட்டில் இருந்த சித்தப்பாவும் கூடவே போவார். சித்தப்பா என்றால் இரத்த உறவு இல்லை. அவர்கள் கோயிலுக்குப் போகிறவர்கள், நாங்கள் சர்ச்சுக்கு. ஆனால் இரண்டு காம்பராவுக்கும் நடுவில் இருந்தது ஒரு செங்கல் சுவர் மட்டும்தான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் அம்மா "நூறு" என்பாள். நான் அப்போது எஹலியகொடை ரோட்டில் இருந்த ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். தங்கச்சி சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் நாங்கள் நான்கு பேர்.

தீபாவளி முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. விடாத மழை. குழிக்குள் தண்ணீர் ஏறி, மோட்டார் இறைக்க முடியாமல் திணறியதும் முதலாளி வேலையை நிறுத்திவிட்டாராம். குழியிலிருந்து எங்கள் லயத்துக்கு வர இரண்டு வழி. பாலத்தைச் சுற்றி வந்தால் நல்ல ரோடு, ஆனால் தூரம். ஆற்றில் கல் தெரிகிற இடமாகப் பார்த்து இறங்கிக் கடந்தால் சட்டென்று வீடு. எல்லாரும் ஆற்று வழியில்தான் வருவார்கள், பாலம் சோம்பேறிகளுக்கு என்று கிண்டல் வேறு செய்வார்கள்.

அன்று சாயந்தரம் சித்தப்பா தனியாக வந்தார். தலையிலிருந்து கால் வரை நனைந்திருந்தார். அம்மா வாசலில் நின்று மாடுமாதிரி கத்திக்கொண்டிருந்த மழையைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவரைத் தனியாகக் கண்டதும் அம்மாவே கேட்டாள்.

"என்னா, அவரு வாடியிலயே தங்கிட்டாரா?"

சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, "ஆமாங்க அண்ணி, ஆறு பெருசா வருது. வாடிக்கே திரும்பிட்டாரு. நான் பாலத்தச் சுத்தி வந்தேன்" என்றார்.

வாடி என்பது குழிக்குப் பக்கத்தில் தகரம் போட்டுக் கட்டியிருக்கும் குடிசை. அங்கே பாய் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, படுத்துக்கொள்ளலாம். அதனால் நாங்கள் சாப்பிட்டோம். சாப்பிட்டுவிட்டுத் தூங்கவும் செய்தோம்.

மறுநாள் வாடியில் அப்பா இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பொலிஸ் வந்தது. கிராமத்துச் சிங்கள ஆட்கள் படகு கொண்டுவந்தார்கள், சாப்பாட்டுப் பார்சலும் கொண்டுவந்து கொடுத்தார்கள். எங்களைப் பார்த்து 'அனே பவ்' என்று சப்புக்கொட்டினார்கள். அவர்கள் பாவம் பார்த்ததில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு 'பவ்'வுக்கும் அம்மாவின் முகம் கறுத்தது. சித்தப்பா மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு மார்பளவு தண்ணீரில் நின்று நாணற் புதரெல்லாம் குத்திக் குத்திப் பார்த்தார். மற்றவர்கள் விட்டுவிட்டு வீட்டுக்குப் போன பிறகும் அவர் போகவில்லை. வாடிக்குத் திரும்பிப் போன ஆளை இந்த மனிதர் ஏன் ஆற்றில் தேடுகிறார் என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு எதையும் தரவில்லை. அப்பாவின் குடையைக்கூடத் தரவில்லை.

அம்மாவுக்கு இது போதுமாக இருந்தது. அவள் கணக்கு மிகவும் எளிமையானது. ஆள் வாடிக்குத் திரும்பிவிட்டார், வாடியிலிருந்து வேறு யாரோ முதலாளியோடு வேறு குழிக்குப் போய்விட்டார். போன் எப்போதும்போல வீட்டில் கிடக்கிறது. வேலை முடிந்தால் வருவார். இதைப் பைத்தியக்காரப் பேச்சு என்று ஒதுக்கவும் முடியாது. நான் சின்னவளாக இருந்தபோது அப்பா அப்படி ஒருமுறை செய்தவர்தான். ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு குழிக்கூட்டத்தோடு போய்விட்டு, பள்ளி லீவு தொடங்கி முடிந்த பிறகு, தோளில் ஒரு பலாப்பழத்தோடு வந்து நின்றார். கடைக்குப் போய்வந்த ஆள்மாதிரி, "கத்திய எடு புள்ள" என்றார். அம்மா அன்று அவரை ஏசிய ஏச்சை இந்தத் தாளில் எழுத முடியாது.

"அப்பவும் செத்துட்டாருன்னுதான் சொன்னீங்க எல்லாரும்" என்பாள் அம்மா.

ஆகவே எங்கள் வீட்டில் அழக்கூடாது. சர்ச் உபதேசியார் வந்து தயங்கித் தயங்கி, ஒரு நினைவு ஜெபம் வைக்கலாமே என்று ஆரம்பித்தார். "யாரு நெனவுக்கு?" என்று அம்மா கேட்ட கேள்வியில் பைபிளை அக்குளில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். தங்கச்சி பீலியடியில் குளிக்கும்போது மட்டும் அழுவாள். தண்ணீர் விழுகிற சத்தத்தில் கேட்காது என்ற நினைப்பு. எனக்குக் கேட்கும். நான் அழவில்லை. எனக்கு வந்ததெல்லாம் கோபம். அப்பா மேல் கோபம், ஆற்றின் மேல் கோபம், எல்லாவற்றையும் விட அம்மாவின் மேல் கோபம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவளை என்ன செய்வது? செத்தவருக்காக அழுவதற்குக்கூட ஒருத்தியிடம் அனுமதி கேட்க வேண்டிய நிலைமை எந்த வீட்டில் இருக்கும்?

டிசம்பர் பிறந்ததும் நட்சத்திரப் பிரச்சினை வந்தது. எங்கள் லயத்தில் கிறிஸ்தவ வீடுகளில் முதலாம் தேதியே வாசலில் நட்சத்திர விளக்கைத் தொங்கவிட்டுவிடுவோம். அந்த வருடத்தில் சாவு விழுந்த வீடு மட்டும் தொங்கவிடாது. விளக்கில்லாத வாசலைப் பார்த்தே புது ஆளுக்கும் தெரிந்துவிடும், அங்கே துக்கம் என்று. எங்கள் வாசலை லயம் முழுக்கக் கண் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா முக்காலியில் ஏறினாள், தானே வயரை இழுத்தாள், நட்சத்திரத்தைத் தொங்கவிட்டு சுவிட்சைப் போட்டாள். மற்ற வீடுகளைவிட எங்கள் விளக்குத்தான் முதலில் எரிந்தது.

செய்தி ரம்புக்கனைக்கு எப்படிப் போனதோ, அந்த ஞாயிற்றுக்கிழமையே அப்பாவின் தங்கச்சி, எங்கள் அத்தை, வந்து இறங்கிவிட்டாள். வாசலில் குடையை மடக்குவதற்கு முன்பே ஆரம்பித்தாள்.

"எங்கண்ணன் ஆத்துல கெடக்குறாரு, நீங்க இங்க வெளக்குப் போட்டு அலங்காரம் பண்றீங்களா அண்ணி? ஊரே சிரிக்குது."

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"ஆத்துல கெடக்குறாருன்னா காட்டுங்க. ஒடம்பக் காட்டுங்க, இப்பவே கழட்டிர்றேன்."

"அவரு மேல ஒங்களுக்குப் பாசம் இருந்திச்சின்னா..."

"பாசம் இருக்கவும்தான் தொங்கவிட்டிருக்கேன். வெளக்க அணைக்கச் சொல்லுற நீங்கதான் அவரக் கொல்லுறீங்க."

அத்தை அழுதாள். எங்கள் வீட்டுக்குள் யாரோ ஒருவர் வாய்விட்டு அழுதது அன்றுதான். தங்கச்சி ஓடிப்போய் அவள் மடியில் விழுந்தாள். அம்மா முறத்தோடு எழுந்து பின்பக்கம் போய்விட்டாள். ஒரு பிளேன்டீகூடக் குடிக்காமல் அத்தை அடுத்த பஸ்ஸில் திரும்பினாள். என் மனது முழுக்க அத்தை பக்கம்தான் இருந்தது. ஆனால் பஸ் ஏற்றிவிடப் போனபோது அவள், "நீயாவது அந்த வெளக்கப் புடுங்கி எறியக் கூடாதா?" என்று கேட்டதும், "அது எங்க அம்மா போட்ட வெளக்கு அத்தை" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்தது சட்டை. நத்தாருக்கு வீட்டில் எல்லாருக்கும் புதுத்துணி எடுப்போம். வேலை விட்டு வரும்போது அப்பாவுக்கும் ஒரு சட்டை எடுத்துக்கொண்டு வா என்றாள் அம்மா. நீலம் வேண்டாமாம், போன வருடமும் நீலம்தான் எடுத்தோமாம். நான் மறுத்திருக்கலாம். மறுத்தால் வீட்டில் மறுபடியும் ஒரு யுத்தம். கடையில் கூட்டம் நெரிந்தது. விற்கிற பிள்ளை சிங்களத்தில், அப்பாவுக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஆள் பருமனா, மெலிவா என்று கேட்டாள். அதற்கு நான் நிகழ்காலத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மெலிவு, ஆனால் தோள் அகலம் என்றேன். அவள் ஒரு பச்சைக் கோட்டுச் சட்டையை விரித்துத் தன் மேலேயே வைத்துக் காட்டினாள். அளவு சரியில்லாவிட்டால் பண்டிகைக்கு முன்னால் கொண்டுவாங்க அக்கா, மாற்றித் தருகிறோம் என்று அன்பாகச் சொன்னாள். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றபோது, அந்தப் பையைத் தூக்கிச் சாக்கடையில் எறிய வேண்டும்போல இருந்தது. எறியவில்லை. மழையில் நனையாமல் சேலைத் தலைப்புக்குள் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பண்டிகைக்கு முந்தின வாரம் கரோல் பிள்ளைகள் வந்தார்கள். எங்கள் சர்ச் இளைஞர்கள் டோலக்கோடும் முகமூடி போட்ட நத்தார் தாத்தாவோடும் வீடு வீடாகப் பாடிக்கொண்டு வருவார்கள். துக்க வீடு வந்தால் டோலக்கை நிறுத்திவிட்டு, வாசலில் நின்று ஒரு ஜெபம் செய்துவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். நான்கு வீடு தள்ளி வரும்வரை சத்தம் கூரைத் தகரத்தைத் தூக்கியது. எங்கள் வாசலுக்கு வந்ததும் டோலக் நின்றது. மேலே நட்சத்திரம் எரிகிறது, கீழே அம்மா கேக் தட்டோடு நிற்கிறாள். பாடுவதா, ஜெபிப்பதா? பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நத்தார் தாத்தா முகமூடியைக் கழற்றி, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். கூட்டத்துக்குப் பெரியவர் கண்ணை மூடி, "ஜெபம் செய்வோம்" என்றார்.

"ஜெபம் அப்புறம் பண்ணலாம்" என்றாள் அம்மா. "மொதல்ல பாட்டுப் பாடுங்க. மத்த வீட்டுலயெல்லாம் பாடிட்டுத்தானே வாறீங்க?"

பாடினார்கள். சாவு வீட்டில் பாடுகிற குரலில் பிறப்புப் பாட்டைப் பாடினார்கள். டோலக் அடித்தவன் தோலுக்கு வலிக்காமல் தடவிக்கொடுத்தான். அம்மா தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டு நின்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது சிரிப்பு இல்லை என்று தெரிந்ததும் உள்ளே போய்விட்டேன். வழக்கமாகக் கரோல் கூட்டத்துக்கு முன்னால் சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஆடுகிறவர் சித்தப்பாதான், சாமி வேறானாலும் ஆட்டம் ஒன்றுதானே என்பார். அன்றைக்கு அடுத்த காம்பராவின் கதவு சாத்தியே இருந்தது.

பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம் மழை கொஞ்சம் விட்டது. அம்மா காலையிலிருந்தே அடுப்படியில் இருந்தாள். முறுக்கு முடிந்து, கொக்கிஸ் அச்சை எண்ணெயில் முக்கிக்கொண்டிருந்தாள். ஒரு பிஸ்கட் டின் நிரம்பி, இரண்டாவது டின்னும் பாதிக்கு வந்திருந்தது. நான் மாவு கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தங்கச்சி சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எண்ணெய்தான் பேசியது.

அப்போது பின்வாசலில் அடுத்த காம்பராச் சித்தி வந்து நின்றாள். கையில் பெரிய தட்டு, மேலே ஒரு வெள்ளைத் துணி. துணி விலகிய ஓரத்தில் முறுக்கும் பயற்றம்பணியாரமும் குவிந்து கிடந்தது தெரிந்தது. அதை மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் திரும்பினாள்.

இதைப் படிக்கிற வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். எங்கள் லயத்தில் தீபாவளிக்கு அவர்கள் சுட்டு எங்களுக்குத் தருவார்கள், நத்தாருக்கு நாங்கள் சுட்டு அவர்களுக்குக் கொடுப்போம். நத்தாருக்கு அவர்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறவே ஏறாது. தட்டு வருவதும் முன்வாசலால்தான், "இந்தாங்கக்கா" என்று ஊருக்கே கேட்கிற குரலோடு வரும். கொண்டுவந்தவர் நின்று தட்டை வாங்கிக்கொண்டுதான் போவார். அந்தத் தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஒன்றும் இல்லாத வீட்டில் ஒரு கை சீனியாவது போட்டுக் கொடுப்பார்கள். இதற்கு ஒரேயொரு விலக்கு உண்டு. சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடத்துக்குப் பலகாரம் சுடமாட்டார்கள். அந்த வீட்டுக்கு மற்றவர்கள்தான் சுட்டுக் கொண்டுபோவார்கள். பின்வாசலால் போய், துணி போட்டு மூடி, பேசாமல் வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். தட்டுக்காக நிற்கமாட்டார்கள், அது பிறகு வெறுமையாகத்தான் திரும்பும்.

அம்மா அச்சை எண்ணெயிலிருந்து எடுத்துக் கரையில் சாத்தி வைத்தாள்.

"நில்லு" என்றாள்.

சித்தி நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"நத்தாருக்கு நீ எதுக்குப் பலகாரம் சுட்டே?"

நான் எழுந்துவிட்டேன். ஊர் வாயில் அகப்பட்டதெல்லாம் போதாதென்று இவளுமா என்று எனக்கு வந்த கோபத்துக்கு, அந்தத் தட்டை நானே தூக்கி வீசியிருப்பேன். அதற்குள் அம்மா அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டாள். மிகவும் தணிந்த குரல்.

"ஒன் வீட்டுக்காரரு பாத்தாரா?"

"பாத்தாருக்கா" என்றாள் சித்தி. "ஒங்க மொகத்தப் பாத்து சொல்ல முடியல அந்த மனுசனால. நீங்களே வாடியிலயான்னு கேக்கவும் ஆமான்னுட்டாரு. அன்னயிலேருந்து ஒரு பொட்டு தூக்கமில்ல. ஒங்க வீட்டு எண்ண மணம் வர வர சொவத்துல தலைய முட்டிக்கிறாருக்கா. எங்களால இனி முடியாது."

அம்மா விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். தட்டில் இருந்ததை ஒரு சுளகில் கொட்டினாள். வாளித் தண்ணீரில் தட்டைக் கழுவினாள். நிரம்பிய பிஸ்கட் டின் அவள் கைக்குப் பக்கத்திலேயே மூடி திறந்து கிடந்தது. அதை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு தட்டை வெறுமையாகச் சித்தியிடம் நீட்டினாள்.

சித்தி அதை இரண்டு கையாலும் வாங்கி, நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஓலமிட்டாள். தங்கச்சி கத்தினாள். ஒரு மாதமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான், அம்மா ஒத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் என்று. ஒத்துக்கொண்டபோது எனக்கு அது வேண்டாமென்று இருந்தது. அந்தத் தட்டைப் பிடுங்கி நாலு கொக்கிஸைப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும்போல இருந்தது. கொடுத்துவிட்டால் அப்பா ஏதோ ஒரு குழியில் உயிரோடு இருந்துவிடுவார் என்று, அம்மாவின் பைத்தியம் எனக்குப் பிடித்துக்கொண்டது.

"அவர வரச் சொல்லு" என்றாள் அம்மா.

சித்தப்பா கூப்பிடாமலே பின்பக்கத்து வடிகால் கானுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டிருந்தார். உள்ளே வாங்க என்றதற்கு வரவில்லை. தகரத்திலிருந்து சொட்டிய தண்ணீர் அவர் தோளில் விழுந்தது. அவர் நகரவில்லை.

"எறங்குனாரா?"

"எறங்குனாருங்க அண்ணி. வேணாம், சுத்திப் போவோமுன்னு சொன்னேன், கேக்கல. பாதிக்கு மேல போயிட்டாரு. அப்ப மரம் ஒண்ணு அடிச்சிக்கிட்டு வந்திச்சி. நான் கரையில ஓடுனேன். ஓடிக்கிட்டே இருந்தேன்."

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று அம்மா கேட்பாள், எல்லாரும் அதற்காகத்தான் பயந்து நின்றோம். அம்மா அதைக் கேட்கவே இல்லை.

"கத்துனாரா?" என்று கேட்டாள். "யாரையும் கூப்புட்டாரா?"

சித்தப்பா கானில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார்.

"இல்லீங்க அண்ணி. சத்தமே போடல."

அப்பா வாய் பெரிய மனிதர். அட்டை கடித்தாலே மேட்டு லயம் வரைக்கும் கேட்கும். ஆறு இழுத்துக்கொண்டு போகும்போது சத்தமே போடாமல் போனார் என்றால் அதை நம்புவதற்கு எங்கள் வீட்டில் ஆள் கிடையாது.

அம்மா தலையை ஆட்டினாள். "சரி, அது போதும்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "சித்தப்பாவுக்குப் பிளேன்டீ ஊத்து" என்றாள்.